திப்பிக் களத்துக்கு வந்த புள்ளிமான்

2017 ஏப்ரல். மேட்டூர் அணை வற்றி, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிந்த கோடை. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. ஜனவரியிலேயே மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்துவிட்டார்கள். சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் அப்போது நான் பணியில் இருந்தேன். காலை ஆறரை மணிக்கு வனக்காப்பாளர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, திப்பி காயப்போடுற களத்துக்குப் பின்னாடி ஒரு மான் படுத்துக் கெடக்குதுங்க. எந்திரிக்க மாட்டேங்குது. நாய் கடிச்ச மாதிரியும் தெரியலைங்க."

சேலத்துக்காரர்களுக்குத் திப்பி என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, பாலைப் பிழிந்து ஜவ்வரிசிக்கு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. அதைக் களத்தில் பரப்பிக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள். மாவுச்சத்து நிறைய இருக்கும், புரதம் மிகக் குறைவு. ஈரத் திப்பி ஒரே நாளில் புளித்துவிடும். அந்த வாடை காற்றில் வெகுதூரம் போகும். மழை இல்லாமல் காய்ந்து கிடந்த மலைச்சரிவில் அன்றைக்குச் சாப்பாட்டு வாசம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

போய்ப் பார்த்தபோது

பெண் மான். பல் தேய்மானத்தைப் பார்த்தால் ஐந்து வயது இருக்கலாம். நெஞ்சை மண்ணில் ஊன்றி, தலையை விலாப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தது. கண்கள் உள்வாங்கியிருந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. உடல் சூடு இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. இடதுபக்க வயிறு உப்பியிருந்தது. கையால் அழுத்தினால் பாதி நிறைந்த குடத்தை ஆட்டியதுபோல் உள்ளே தண்ணீர் சலசலத்தது. பின்புறம் சாம்பல் மஞ்சளாய்க் கழிச்சல், மூக்கைத் துளைக்கும் புளிப்பு நாற்றம். கிராமத்தில் கல்யாண வீட்டு இலையோடு மிஞ்சிய சோற்றைத் தின்றுவிட்டுச் சாகும் ஆடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

மடியைப் பார்த்தேன். சிறுத்திருந்தாலும் காம்பில் பால் வந்தது. எங்கேயோ ஒரு குட்டி இருக்கிறது.

முதலில் கூட்டத்தை விலக்கச் சொன்னேன். பிடிபட்ட மான் பயத்திலேயே செத்துப்போகும். தசைகள் சிதைந்து, இதயம் நின்றுவிடும். நனைத்த துணியால் கண்களை மூடினோம், யாரும் பேசவில்லை. ஊசி வழியாக வயிற்று நீர் கொஞ்சம் எடுத்து, அமிலம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். காகிதத்தில் விட்டேன். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நல்ல மானுக்கு 6-க்கும் 7-க்கும் நடுவே இருக்க வேண்டும். இது 5-க்கும் கீழே. கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சாதாரணமாக நீந்திக்கொண்டிருக்கும் ஒற்றைச் செல் உயிர்களில் ஒன்றுகூட அசையவில்லை.

நரம்பில் திரவமும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றினோம். வயிற்றுக்குள் குழாய் விட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீர் கொடுத்தோம். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டேன். செத்துப்போன அந்த நுண்ணுயிர்களுக்குப் பதிலாக உள்ளே விட, ஆரோக்கியமான மாட்டின் இரைப்பை நீர் கிடைக்குமா என்று ஆள் அனுப்பியிருந்தேன். அது வந்து சேர்வதற்குள், பதினோரு மணியளவில், மான் மூச்சை விட்டுவிட்டது.

அறுத்துப் பார்த்ததில்

வன உயிரினம் இறந்தால் வனத்துறை முன்னிலையில்தான் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். வனச்சரகர் வந்ததும் தொடங்கினோம். எடை 27 கிலோ. புள்ளிமான் பெண்ணுக்கு 25 முதல் 45 கிலோ வரை இருக்கும். உடல்வாகே சிறிய மான் என்றால் 27 போதும். இது நீளமும் உயரமும் நன்றாக வளர்ந்த மான். முதுகெலும்பு முள்ளுமுள்ளாய் நின்றது, இடுப்பெலும்புக்கும் வாலுக்கும் நடுவே குழி விழுந்திருந்தது.

இரைப்பையைத் திறந்தால் அடியில் கஞ்சிபோல் திப்பி. உட்சுவரின் மென்தோல் விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தது, அடியில் செக்கச்செவேல் என்று புண். இதுதான் சாவுக்குக் காரணம், சந்தேகமில்லை. மான் தின்னும் புல்லையும் இலையையும் செரிப்பது அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான். நார் செரித்துப் பழகிய அவற்றுக்கு நடுவில் திடீரென்று மாவுச்சத்து வந்து விழுந்தால், மாவைத் தின்னும் கூட்டம் மட்டும் பல மடங்கு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமிலம் ஏற ஏற மற்றவை சாகின்றன. ரத்தத்திலிருந்து தண்ணீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. அதனால்தான் வயிற்றில் தண்ணீர் சலசலக்க, உடம்போ வறண்டு கிடந்தது. புதுத் தீனிக்கு இந்த நுண்ணுயிர்கள் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். மானுக்குக் கிடைத்தது ஒரே ராத்திரி.

அறிக்கையில் 'அமில அஜீரணத்தால் இறப்பு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் திப்பிக்கு மேலே மிதந்த இன்னொரு அடுக்கு என்னை நிறுத்தியது. காய்ந்த புல் தண்டு, சருகு, மரப்பட்டை நார். கை நிறைய எடுத்துப் பிழிந்தேன். துடைப்பக் குச்சியை நறுக்கிப் போட்டதுபோல் இருந்தது. ஒரு பால் பாக்கெட் உறையும் சுருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகுதான் கொழுப்பைத் தேடினேன். பட்டினி கிடக்கும் மானின் உடம்பு கொழுப்பை ஒரு வரிசைப்படி செலவழிக்கும். முதலில் தோலுக்கு அடியில் இருப்பது. அப்புறம் சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பது. வேறு வழியே இல்லாதபோதுதான் எலும்பு மஜ்ஜையில் கை வைக்கும். இந்த மானின் சிறுநீரகம் கொழுப்பே இல்லாமல் வெறுமனே இருந்தது. தொடை எலும்பை வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தோம். நல்ல தீனி தின்ற மானின் மஜ்ஜை நெய் உறைந்ததுபோல் வெள்ளையாக, கெட்டியாக, குழல் வடிவம் குலையாமல் நிற்கும். இதில் சிவப்பு ஜெல்லி. எலும்பைச் சாய்த்ததும் ஒழுகி என் கையுறையில் விழுந்தது.

ஒரு ராத்திரித் திப்பி மஜ்ஜையை இப்படி ஆக்காது. அதற்குப் பல வாரங்கள் ஆகும். இந்த மான் மாசி மாதத்திலிருந்தே பட்டினி கிடந்திருக்கிறது, அதுவும் வயிறு நிறைய வைத்துக்கொண்டு.

நான்காம் இரைப்பையில் வெள்ளையும் சிவப்புமாய் நூல் முறுக்கியதுபோல் ரத்தம் குடிக்கும் புழுக்கள். கண்ணின் உள்ளிமை வெளுத்திருந்தது. தீனி குறைந்த உடம்புக்குப் புழுவை எதிர்க்கத் தெம்பு இருக்காது. எதிர்க்காத உடம்பில் புழு பெருகி, இருக்கிற கொஞ்சம் புரதத்தையும் உறிஞ்சும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

வயிறு நிறைந்த பட்டினி

இதைப் புரிந்துகொள்ளாமல் மானின் ஆரோக்கியத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது என்பது என் எண்ணம். "காட்டுல இவ்வளவு புல்லு காஞ்சு கெடக்குதே, அதைத் திங்கட்டுமே" என்று ஊரில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரைப்பை நுண்ணுயிர்கள் வேலை செய்ய, தீனியில் சுமார் 7 சதவீதம் புரதம் வேண்டும். மழைக்குப் பின் துளிர்க்கும் பச்சைப் புல்லில் அது தாராளமாக இருக்கும். முற்றிக் காய்ந்த புல்லில் 3, 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நுண்ணுயிர்கள் சோர்ந்துவிட்டால் நார் செரிக்காது. செரிக்காத நார் இரைப்பையிலேயே தங்கும். தங்கினால் புதுசாகத் தின்ன இடம் இருக்காது. மான் குறைவாகத் தின்னும், தின்றதும் உடம்பில் ஒட்டாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வயிறு உருண்டையாகத்தான் தெரியும்.

அதனால்தான் புள்ளிமான் கோடையில் புல்லை விட்டு இலைக்கும், விழுந்த பழத்துக்கும், காய்க்கும் மாறும். நெல்லி, ஆலம்பழம், அத்தி, வாகைக்காய், வேலங்காய். குரங்குகள் மரத்தில் தின்றுவிட்டுப் போடும் மிச்சத்துக்காக அடியில் காத்து நிற்கும். இந்த மாற்று உணவுதான் நம் வறண்ட காடுகளில் மானைக் கோடை கடத்துகிறது. புல் எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட, பங்குனி சித்திரையில் இலையும் காயும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.

மலைச்சரிவில்

இரண்டு நாள் கழித்து, களத்திலிருந்து மேலே ஒரு பாறைச் சந்தில் குட்டி கிடைத்தது. செத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. புள்ளிமான் குட்டி பிறந்த சில வாரங்களுக்குத் தாய் விட்டுப்போன இடத்திலேயே அசையாமல் படுத்திருக்கும். தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். இது கடைசிவரை அப்படியேதான் படுத்திருந்தது. வயிற்றில் பால் தயிர் இல்லை, கொஞ்சம் மண் இருந்தது. பால் கொடுக்கும் மாதங்கள்தான் பெண் மானுக்கு வருஷத்திலேயே அதிகம் தீனி தேவைப்படும் மாதங்கள். தாய் ஏன் ஊருக்குள் இறங்கும் அளவுக்குத் துணிந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு வேட்டைத் தடுப்புக் காவலரோடு சரிவு முழுக்க நடந்தேன். அவர் சேர்வராயன் மலையிலேயே பிறந்த, மலையாளி என்ற பழங்குடி இனத்துப் பெரியவர். கீழே அரப்பு மரங்கள் நிறைய. உசிலை என்று மற்ற ஊர்களில் சொல்லும் மரம், எங்கள் பக்கம் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் அதன் இலையில்தான் வருகிறது. ஒவ்வொரு மரத்திலும் ஓர் உயரம் வரை இலையே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேர்கோடு. மான் பின்னங்காலில் நின்று எட்டும் உயரம் அது. ஆடுகளும் அதே உயரத்துக்குத்தான் எட்டும். அதற்கு மேலே இலை இருந்தது, எந்த வாய்க்கும் எட்டாமல்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் உண்ணிச்செடிப் புதர். ஆளுயரத்துக்கு மேலே, உள்ளே நுழைய முடியாத அளவுக்கு. 1800-களின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி. இதன் இலையில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு உண்டு, மான் வாய் வைப்பது அரிது. அதன் அடியில் புல் முளைக்காது. ஒரு காலத்தில் அந்த இடம் புல்வெளியாக இருந்தது என்று பெரியவர் சொன்னார்.

"நான் சின்னப்பையனா இருக்கையில இங்க கூட்டங் கூட்டமா மேயுமுங்க அம்மா. மழை பெஞ்சா ஒண்ணா சேரும், காஞ்சா ரெண்டு மூணா பிரிஞ்சு போயிரும். இப்ப சேர்றதுக்கு எடமே இல்லீங்களே."

அவர் சொன்னது புள்ளிமானைப் பற்றி எந்தக் காட்டுயிர் ஆய்வாளரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. பசும்புல் பரந்து கிடக்கும்போது பெரிய கூட்டம், தீனி சிதறிக் கிடக்கும்போது சிறு கூட்டம். புதருக்கு அடுத்து, மார்ச்சில் தீப்பிடித்துக் கருகிய பட்டை ஒன்று. எரிந்த இடத்தில் ஒரு மழை பெய்தால் சத்தான துளிர் வரும், மான் தேடி வரும். அந்த ஆண்டு மழை வரவில்லை, சாம்பல்தான் இருந்தது. தீக்குப் பிறகு உண்ணிச்செடிதான் முதலில் தழைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வனத்துறை டிராக்டரில் கொண்டுவந்து நிரப்பும் தொட்டி ஒன்றுதான் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர். சுற்றிலும் மான் புழுக்கை, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம். காய்ந்த மண்ணில் புழுவின் இளம்பருவம் பிழைக்காது, கோடை ஒருவகையில் பாதுகாப்பு. ஆனால் எல்லா உயிரும் ஒரே ஈரமான இடத்துக்கு வந்து நிற்க வேண்டியிருந்தால், அந்தப் பத்தடி ஈரமே புழுப்பண்ணை. தண்ணீர் வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தொட்டியைச் சுற்றிக் கல் பரப்ப வேண்டும், வழிந்து சேறாகாமல் பார்க்க வேண்டும், ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பின்னால் இவை மூன்றும் நடந்தன.

ஓமலூர்ப் பக்கத்து ஆண் மான்

மே மாதம், ஓமலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி மோதி ஓர் ஆண் மான் செத்தது. இந்த ஆய்வில் அதை ஏன் சேர்க்கிறேன் என்றால், பலவீனமாகிக் கிடக்கும் மானைத்தான் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். அதை வைத்து மந்தையே பலவீனம் என்று சொன்னால் தப்பாகிவிடும். சாலையைக் கடந்த மான் ஓடக்கூடிய நிலையில் இருந்த மான். அதன் மஜ்ஜையும் இளஞ்சிவப்பாய், கொழகொழவென்று இருந்தது. கொம்பு வெல்வெட் தோலோடு வளர்ந்துகொண்டிருந்தது. புள்ளிமானில் எல்லா ஆணுக்கும் ஒரே மாதத்தில் கொம்பு முளைப்பதில்லை, வருஷம் முழுக்க யாராவது ஒருவருக்கு வளர்ந்துகொண்டிருக்கும். கொம்பு வளரும்போது அதற்கு வேண்டிய கால்சியத்தையும் பாஸ்பரஸையும் மான் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கும், பின்னால் தீனியிலிருந்து திருப்பிக் கட்டும். இந்த மானின் விலா எலும்பு கத்திக்குச் சுலபமாக இசைந்தது. கொம்பும் வயதுக்குத் தக்க தடிமன் இல்லை.

மூன்று உடல்களை வைத்து ஒரு மந்தையை எடைபோட்டுவிட முடியாது. ஆனால் தாய், குட்டி, ஓடும் நிலையில் இருந்த ஆண் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. மான் கூட்டத்தில் தீனிக் குறைவு ஒரு வரிசையில் அடிக்கும் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம். முதலில் குட்டிகள் பிழைக்காது. அடுத்து, இளம் பெண் மான்கள் சினையாகும் வயது தள்ளிப்போகும். அதற்குப் பிறகு வளர்ந்த பெண் மான்களே ஈனும் எண்ணிக்கை குறையும். வளர்ந்த பெண் மான் சாவது கடைசிக் கட்டம். எங்கள் களத்தில் படுத்திருந்தது அந்தக் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய கட்டங்கள் யார் கண்ணிலும் படாமல் மேலே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

தீனிக்கு மிஞ்சிப் பெருகினாலும் இதேதான். அலாஸ்காவைச் சேர்ந்த செயிண்ட் மேத்யூ தீவில் 1944-ல் 29 பனிமான்களை விட்டார்கள். வேட்டையாடும் விலங்கு அங்கே இல்லை. 1963-ல் 6,000. அவை தின்ற கற்பாசிப் படுகை தீர்ந்துபோயிருந்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் கூட்டம் மொத்தமும் சரிந்தது, 1966-ல் எண்ணியபோது 42. சேர்வராயனிலும் புலி கிடையாது, சிறுத்தை எப்போதாவது கண்ணில் படும். ஆனால் அந்தத் தீவில் நடந்ததுபோல் இங்கே மான் பெருகவில்லை. மான் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் தீனி இருக்கும் நிலம் சுருங்கினால் முடிவு ஒன்றுதான்.

சோறு வைக்கலாமா

இறப்புச் செய்தி பரவியதும் ஊரில் பலர் என்னிடம் வந்தார்கள். ஒரு பெண்மணி ஒரு கூடை வாழைப்பழத்தோடு நின்றார். "பாவம் டாக்டரம்மா, நாங்களே தெனமும் சோறு வெச்சுடறோம்" என்றார். அந்த மனசை நான் மதிக்கிறேன், ஆனால் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சோறும் திப்பியும் இரைப்பைக்குள் போனால் ஒன்றுதான். ஓரிடத்தில் வைத்தால் கூட்டத்தில் பலமான மான்தான் தின்னும், தேவைப்படுவது ஓரமாய் நிற்கும். ஆள் வாசத்துக்குப் பழகிய மானை நாய் சுலபமாகப் பிடித்துவிடும். ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்துக் குரங்குக்கு வீசுகிறவர்களையும் இதே காரணத்துக்காகத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். உறை காற்றில் உருண்டு சரிவில் இறங்குகிறது, உப்பு ருசிக்காக மான் அதையும் மெல்கிறது.

அவசரமென்றால் பச்சை இலை தழை கொடுக்கலாம். அகத்தி, சுபாபுல், வேலிமசால். கொஞ்சம் கொஞ்சமாக, பல இடங்களில் பிரித்து, வனத்துறை வழியாக மட்டும். அந்தக் கோடையில் இரண்டு வாரம் அப்படிச் செய்தார்கள். என்னைக் கேட்டால் அது பந்தலுக்குக் கொடுத்த தற்காலிக முட்டு.

திப்பிக் களத்துக்காரர் நல்லவர், நடந்ததைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். மூன்றே நாளில் களத்தைச் சுற்றிக் கம்பிவலை போட்டார், ஈரத் திப்பியை ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடினார். மே மாதம் முழுவதும் அங்கே வேறு மான் விழவில்லை.

உண்ணிச்செடி வேலை ஜூனில் தொடங்கியது. மேலே வெட்டினால் போதாது, வேர்க்கழுத்துக்குக் கீழே மண்வெட்டியால் அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். ஒரே ஒரு சிறு பட்டையில்தான் செய்தோம், ஆள்பலம் அவ்வளவுதான். கொழுக்கட்டைப்புல் விதை தூவினோம். ஓரங்களில் நெல்லியும் அத்தியும் நட்டோம். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கைகொடுத்தது. பிற்பாடு 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டைதான்.

2018 பொங்கல் முடிந்த வாரம் அந்தப் பெரியவரோடு மறுபடி ஏறினேன். புல் முழங்காலுக்கு நின்றது. நடுவில் குனிந்து எதையோ பொறுக்கினார். மான் புழுக்கை. ஏப்ரலில் நாங்கள் பார்த்தவை மிளகு மாதிரிச் சிறுத்து, உடைத்தால் உள்ளே வைக்கோல் நூலாகப் பிரிந்தவை. இது கரும்பச்சையாய், ஒன்றோடொன்று ஒட்டி, திராட்சைக் கொத்துபோல் இருந்தது. இரண்டு விரலால் நசுக்கி என் பக்கம் நீட்டினார். நார் தெரியவில்லை, மாவுபோல் மசிந்தது. கொஞ்ச தூரத்தில், புல்லுக்கு மேலே, நான்கைந்து ஜோடிக் காதுகள் எங்கள் பக்கம் திரும்பின. அவற்றில் இரண்டு ஜோடி ரொம்பச் சின்னவை.